ஒரு துணைக்கால் அதிகம்

மாமனார் அன்று காலை மவுஸை இடது கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினோரு வருஷமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மாப்பிள்ளைக்கு, அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பில் இருந்ததே தெரியாது.

"பாருங்க மாப்ள, சொன்ன பேச்சு கேக்குது! ஒரு மாசத்துல இன்னைக்குத்தான் நான் போட்ட வட்டம் வட்டமா வந்திருக்கு."

திரையில் ஓர் ஆரஞ்சுப் பழம். சுமாரான பழம்தான். ஆனால் அதைச் சுற்றி லேஅவுட் அக்காவும் வெட்டும் மெஷின்காரரும் பிறந்த குழந்தையைப் பார்க்கிற முகத்தோடு நின்றார்கள்.

"யார் செஞ்சது?" என்றார் பெரியவர், அதாவது பெரிய மாப்பிள்ளை. அவருக்குப் பதில் தெரியும். தெரிந்தும் கேட்பது கடைத்தெருவில் வளர்ந்தவர்கள் பழக்கம். விலையை எதிராளி தன் வாயால் சொல்லட்டும்.

"வேற யாரு? நம்ம சின்ன மாப்பிள்ளைதான். ரெண்டே வரி எழுதினார். இடது கைக்கு மாத்து, மெதுவா ஓடு. அவ்வளவுதான், பூனைக்குட்டி மாதிரி வந்து மடியில உக்காந்துடுச்சு."

சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபடி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றார். பெரியவருக்கு எரிந்தது அங்கேதான். செய்தேன் என்று மார் தட்டுகிறவனோடு சண்டை போடலாம். ஒன்றுமில்லை என்று குனிகிறவனை எங்கே பிடித்து அடிப்பது?

அது ஒரு லேபிள் அச்சகம். ஜாம் பாட்டிலுக்கு, சோப்புக்கு, வலி தைலத்துக்கு, பழச்சாற்றுக்கு எல்லாம் அங்கேதான் சட்டை தைப்பார்கள் என்பது மாமனாரின் பேச்சு. கீழே எட்டு கம்ப்யூட்டர். எல்லாம் கிழடு தட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, நாலு மாசத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த சின்ன மாப்பிள்ளை அவை அத்தனையிலும் லினக்ஸ் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டார். விலை கிடையாது என்றதும் மாமனார் முதலில் சந்தேகப்பட்டார். விலையில்லாத சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்பது அவர் அனுபவம். இருபது நாள் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சின்ன மாப்பிள்ளைக்கு ஏறுமுகம்.

மாமனாருக்கு வலது மணிக்கட்டில் வலி. டம்ளரைக்கூட இடது கையால் தூக்குவார். பெரியவர் அதைத் தினமும் பார்த்தார். வயசானவர், ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்தார். சின்னவர் ஒரே வாரம் பார்த்துவிட்டு, "மாமா, கை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு லினக்ஸ் தெரிய வேண்டியதில்லை. அதுதான் பெரியவரை மாடுபோல முட்டியது.

போதாததற்கு மாடி. அச்சகத்தின் மேல்தளம் வெள்ளையடித்து, ஆறு புது மெஷினோடு தயாராக இருந்தது. வியாழக்கிழமை பழச்சாறு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் மாடிச் சாவியை ஒரு மாப்பிள்ளையிடம் கொடுப்பேன் என்று மாமனார் சொல்லியிருந்தார். எந்த மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. அவர் பெரிய வியாபாரி. கடைசி நிமிஷம் வரை கையைத் திறக்க மாட்டார்.

சாவி சின்னவருக்குப் போனால்? அவர் நாற்காலி சரியாகப் பெரியவர் தலைக்கு மேலே இருக்கும். தினமும் அது தரையில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவர் கீழே சோப்புக்குச் சட்டை தைக்க வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போனால், அங்கே மனைவி.

"அப்பா போன் பண்ணாருங்க. என்ன சந்தோஷம்! தங்கச்சி வீட்டுக்காரர் கையில ஏதோ வித்தை இருக்குதாம்."

"எல்லாம் ரெண்டு வரி. யார் வேணா எழுதலாம்."

"அப்ப நீங்க ஏன் எழுதலை?"

மனைவிமார் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடையாது. மீதிக்குப் பதில் சொல்லக்கூடாது. பெரியவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். பிறகு பொறுக்க முடியாமல், "என் கையும் இப்ப முன்ன மாதிரி இல்ல, தெரியுமா?" என்றார். "ரெண்டு மாசமா ஒரு தப்பு கிடையாது. வெண்ணெய் மாதிரி ஓடுது."

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய அவமானத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர் இரண்டு விரலால் தட்டச்சு செய்பவர். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, அடுத்த எழுத்து எங்கே என்று தேடுவார். தேடி முடிக்கும்வரை முதல் விரலை எடுக்க மாட்டார். வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை அழைப்புமணியை அழுத்திக்கொண்டு நிற்பவரைப் போல. குறிப்பாகக் கீபோர்டின் துணைக்கால் சாவிமேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். ஆறு வருஷத்துக்கு முன் 'பழச்சாறு' என்று போக வேண்டிய லேபிள் 'பழச்சாாறு' என்று நாற்பதாயிரம் பாட்டிலில் ஒட்டிக்கொண்டு போயிற்று. பழச்சாறு கம்பெனிக்காரர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார்: "என் சாறுக்கு எதுக்கு சார் ரெண்டு கால்? தானே நடந்து வீடு வீடா போறதுக்கா?"

அன்றிலிருந்து அச்சகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு கால்' என்றுதான் பெயர். முதுகுக்குக் காது உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கால் இரண்டு மாசமாக மாயமாய் மறைந்துவிட்டிருந்தது. கை பழகிவிட்டது என்று பெரியவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள் மதியம், மாமனார் சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் அரைமணி கண்ணயர்ந்தார். பெரியவர் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சின்னவர் எழுதிய அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை லேஅவுட் அக்காவிடம் ஏற்கனவே பேச்சுவாக்கில் கறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு கேட்டது. அது பெரிய மகளின் செல்லப்பெயர், அதாவது தன் பெண்டாட்டியின் பெயர். இந்த மெஷினில் நம்ம பக்கத்துக்கு இன்னும் மரியாதை மிச்சமிருக்கிறது என்று ஒரு கணம் குளிர்ந்தார்.

ஃபைலின் பெயர் 90 என்று தொடங்கி மாமா என்று முடிந்தது. திறந்தால் தலையில் ஒரு குறிப்பு: "# மாமாவுக்கு. வலது கை வலி. இடது, மெதுவா." அதன் கீழே மவுஸின் பெயர், இடதுகைப் பழக்கம் 'ஆன்', வேகம் கழித்தல் குறியோடு ஓர் எண். இவ்வளவுதானா? இதற்கா ஊரே கூடி நின்றது?

அழித்தால் அகப்பட்டுக்கொள்வோம். அதனால் பெரியவர் ஃபைலை நகலெடுத்தார். நகலில் 'ஆன்' என்பதை 'ஆஃப்' ஆக்கினார். வேகத்தைத் தூக்கி உச்சியில் வைத்தார். வியாழக்கிழமை பழச்சாறு கம்பெனிக்காரர் முன்னால் மாமனார் தன் கையாலேயே ஒரு லேபிள் வரைந்து காட்டப் போகிறார். மவுஸ் சொல் பேச்சு கேட்காமல் திரை முழுக்க ஓடட்டும். சின்னவரின் வித்தை என்னவென்று அப்போது தெரியட்டும்.

நகலுக்கு ஓர் எண் வேண்டுமே? யோசிக்கவே இல்லை. 10 என்று போட்டார். முன் எண்ணுக்குத்தானே முதல் மரியாதை! பிறகு ஒரு ஸ்டூலுக்கு அடியில் பட்டாசு வைத்தவரைப் போல எழுந்து போனார்.

செவ்வாய் காலை மாமனார் மெஷினைப் போட்டார். மவுஸ் பூனைக்குட்டி மாதிரி வந்து மடியில் உட்கார்ந்தது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஓர் இலை வேறு வரைந்தார்.

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. டீ நேரத்தில் சின்னவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சகலை, ஒரு சந்தேகம். இந்த ஃபைலுக்கெல்லாம் முன்னாடி நம்பர் போடுறீங்களே, சின்ன நம்பர்தானே பெரிசு?"

சின்னவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் வேலையைப் பற்றி வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இல்லீங்க சகலை, தலைகீழ்! மெஷினைப் போடும்போது சின்ன நம்பர்லேருந்து வரிசையா படிச்சுக்கிட்டு வரும். ஒரே விஷயத்தை ரெண்டு ஃபைல் சொன்னா, கடைசியா படிக்கிறதுதான் செல்லும். முன்னாடி வந்தவன் என்ன சொல்லியிருந்தாலும் சரி, பின்னாடி வந்தவன் பேச்சுதான் எடுபடும்."

"ஓஹோ" என்றார் பெரியவர்.

"அநியாயமா இருக்குல்ல?" என்று சின்னவர் சிரித்தார்.

"அநியாயம்தான்" என்றார் பெரியவர். பதினோரு வருஷம் முன்னால் வந்த தனக்கு இந்தக் குடும்பத்தில் நடந்ததை ஒரு மெஷினுக்குச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

புதன் மதியம் மறுபடி மாமனார் நாற்காலி. பழைய 10-ஐத் தடயமில்லாமல் எடுத்தார். புதிதாக 99. இந்த முறை தந்திரமாக இருக்க வேண்டும், சின்னவர் எழுதியது போலவே இருக்க வேண்டும் என்று, தலைக்குறிப்பைத் தானே தன் விரலால் அடித்தார்: மாமாவுக்கு, வேகமா. பின்னறையில் மாமனாரின் குறட்டை திடீரென்று நின்றது. பெரியவர் என்ன அடித்தோம் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சேமித்துவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை பழச்சாறு கம்பெனிக்காரர் பத்து மணிக்கே வந்துவிட்டார். மாமனார் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"உங்க புது லேபிளை நானே வரையறேன், பாருங்க" என்று இடது கையை மவுஸில் வைத்தார்.

அம்புக்குறி ஒரே பாய்ச்சலில் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், எதிர் மூலைக்குப் போயிற்று. விரலை அழுத்தினால் வட்டம் வரவில்லை, என்னவோ ஒரு பட்டியல் விரிந்தது. ஆரஞ்சு வெள்ளரிக்காயாக நீண்டு, வெள்ளரிக்காய் காணாமல் போயிற்று. பதற்றத்தில் வலது கைக்கு மாற்றினார். ஒரு தரம் இழுத்ததும் "ஸ்ஸ்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்த "ஸ்ஸ்" பெரியவரின் கணக்கில் இல்லாத சத்தம். தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். ஆனால் எல்லோரும் சின்னவரைத் திரும்பிப் பார்த்தார்கள். உடனே வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"என்ன மாப்ள இது?" என்றார் மாமனார்.

சின்னவர் ஓடிவந்து ஃபோல்டரைத் திறந்தார். 90-க்குக் கீழே 99. அதைத் திறந்தார். முதல் வரியைப் படித்ததும் சட்டென்று மூடப் பார்த்தார்.

"மூடாதீங்க" என்றார் மாமனார்.

பழச்சாறு கம்பெனிக்காரர் கண்ணாடியைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்தார். திரையில் இருந்தது: "# மாாமாவுக்கு. வேகமாா."

"இந்த ரெண்டு காலை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே!" என்றார்.

லேஅவுட் அக்கா இருமினாள். இருமல் மாதிரி இல்லை.

"என் தப்புதான் மாமா" என்று சின்னவர் அவசரமாகச் சொன்னார். "நேத்து சோதனை பண்ணிப் பார்த்தேன், எடுக்க மறந்துட்டேன். இப்பவே சரி பண்ணிடறேன்."

"இருங்க. உங்க கை இப்படி அடிக்காது." மாமனார் அக்காவைப் பார்த்தார். "ஐயாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் புது மெஷினெல்லாம் காட்டும்மா."

அவர்கள் படியேறியதும், பெரியவர் பேரத்தில் முதல் விலை சொல்பவரைப் போலக் குரலை உயர்த்தினார்.

"என்னைப் பார்க்காதீங்க மாமா! அது பழைய கதை. ரெண்டு மாசமா என் கையில ஒரு கால் கூடுதலா விழுந்திருக்கா? யாரையாவது கேளுங்க. ஏன், இப்பவே என் மேஜைக்கு வாங்க, அடிச்சுக் காட்டறேன்."

"சகலை, வேண்டாமே" என்றார் சின்னவர் மெல்ல.

"ஏன் வேண்டாம்? பயமா இருக்கா?"

மூவரும் பெரியவர் மேஜைக்குப் போனார்கள். பெரியவர் உட்கார்ந்து, கை விரலைச் சொடுக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார். மாமா மாமா மாமா மாமா. சுத்தத் தங்கம். கால் ஒன்றுகூட அதிகம் இல்லை.

"பார்த்தீங்களா?"

மாமனார் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. இப்ப என் மேஜையில."

போனார்கள். அதே விரல், அதே தேடல். மாாமா மாாாமா மாாமாா மாாமா.

"உங்க கீபோர்டு பழசு மாமா!"

மாமனார் இடது கை ஆள்காட்டி விரலால் தட்டினார். மாமா.

பெரியவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கை எப்படி அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி அடிக்கும்? மெதுவாகத் தலையைத் தூக்கினார். சின்னவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா... சாவியை அமுக்கிக்கிட்டே இருந்தா, அரை செகண்டுல அதே எழுத்து மறுபடி விழும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சகலை மெஷின்ல அதை ரெண்டு செகண்டா ஆக்கி வச்சேன். ஒரு வரிதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார் பெரியவர்.

"சங்கடப்படுவீங்கன்னு."

பையிலிருந்து திருடியவனைப் பிடித்தால் நாலு பேரைக் கூட்டலாம். பைக்குள்ளே தெரியாமல் போட்டுவிட்டுப் போனவனை என்ன செய்வது? இரண்டு மாசமாக மனைவியிடம், மெஷின்காரரிடம், முடிவெட்டுகிறவரிடம்கூட அளந்த வெண்ணெய் அத்தனையும் இந்தாள் வீட்டுச் சரக்கு. வலித்த கையைக் கண்டுபிடித்தது போலவே, தட்டுத்தடுமாறுகிற கையையும் இந்தாள் கண்டுபிடித்திருக்கிறார். மாமனார் கைக்குச் சமமாகத் தன் கையையும் நோயாளி வரிசையில் வைத்திருக்கிறார். பெரியவருக்குக் கோபம் வெட்கத்தைவிட வேகமாக வந்தது.

"யாரைக் கேட்டு என் மெஷின்ல கை வச்சீங்க?"

"நீங்க யாரைக் கேட்டு என்னுதுல வச்சீங்க?" என்றார் மாமனார்.

மேலே பழச்சாறு கம்பெனிக்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமனார் மேஜை இழுப்பறையைத் திறந்து மாடிச் சாவியை எடுத்துச் சின்னவர் கையில் வைத்தார்.

"மாமா, சகலை இருக்கும்போது நான்..."

"பிடிங்க." பிறகு பெரியவரைப் பார்த்து, விலை படிந்த பிறகு வியாபாரிகள் பேசுகிற அமைதியான குரலில் சொன்னார்: "உங்களுக்கு மூட்டு வலி, படி ஏற முடியலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன். என் மகள்கிட்டயும் அதுதான். இன்னைக்கு நடந்தது இந்த மூணு பேரோட போகட்டும்."

"எனக்கு மூட்டு வலி கிடையாது."

"இனிமே உண்டு."

பெரியவர் எழுந்தார். அவருக்குத் தெரிந்த கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி இருந்தது. "அப்படின்னா நான் நாளையிலேருந்து வரலை மாமா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பேரம் படியாமல் கடையை விட்டு இறங்குகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. வேகமாகப் போனால் கூப்பிடுவதற்குள் தெருவுக்குப் போய்விடுவோம். மெதுவாகப் போனால் குட்டு வெளிப்படும். பெரியவர் சரியான அளவில் நடந்தார். அச்சகத்து வாசலில் நாலு படி. முதல் படி. கூப்பிடவில்லை. இரண்டாவது படியில் செருப்பைச் சரி செய்தார். மூன்றாவது படியில் வானத்தைப் பார்த்தார். மாமனாரோ, முப்பது வருஷத்தில் ஆயிரம் பேரை மூன்றாவது படியிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர். யாரைக் கூப்பிடத் தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

நாலாவது படியில் குரல் வந்தது. "சகலை!"

பெரியவர் நின்றார். உடனே திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும்.

"சகலை, உங்க குடை!"

சின்னவர் வாசலில் குடையோடு நின்றார். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. குடை வாங்கப் படியேறிய பெரியவர், ஏறியதுதான் ஏறினோம் என்று உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தைல லேபிள் மூணு மணிக்குள்ள வேணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த திங்கள் தலைக்கு மேலே முதல் நாற்காலி உரசியது. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் மெஷினின் அந்த ஃபோல்டரைத் திறந்தார். 80 என்று தொடங்கும் ஒரே ஒரு ஃபைல். தலையில், "# சகலைக்கு. அவசரம் வேண்டாம்."

அழித்தார். மெஷினை நிறுத்திப் போட்டார். தைலம் என்று அடித்துப் பார்த்தார். ஒழுங்காக வந்தது, அந்தச் சொல்லில் காலே இல்லை. சாறு என்று அடித்தார். சாாறு. இன்னொரு தரம். சாாாறு. மேலே நாற்காலி மறுபடி உரசியது, சிரிக்கிற மாதிரி.

பிறகு அந்த ஒரே வரியை ஞாபகத்திலிருந்து தானே ஒரு புது ஃபைலில் அடித்தார். எண் 99. இதற்குமேல் ஒருத்தன் பின்னால் வந்து தன் பேச்சை வெட்டக்கூடாது. இரண்டு செகண்டு என்று போட விரல் போயிற்று, நிறுத்தினார். அது சின்னவர் சொன்ன அளவு. இரண்டேகால் என்று போட்டார். ஒருத்தன் வைத்த விலையை அப்படியே வாங்கிக்கொள்ள அவர் என்ன ஏமாளியா?

மெஷினை நிறுத்திப் போடுவதற்கு முன், கடைசியாகத் தலைக்குறிப்பு. யார் என்றைக்குத் திறந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சாவியாகத் தேடி அமுக்கினார்:

"# நாானே போட்டது."